டிராயரில் இருந்த சின்னப் புத்தகம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் மூளிக்குளம் பக்கம் நடந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், திண்ணையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

“கூலிபாளையம் நால்ரோட்டுல இருந்து வர்றேனுங்க பெரியப்பா. அப்பா அனுப்பிச்சாருங்க” என்று தகப்பனார் பேரைச் சொன்னாள். முப்பது வருடத்துக்கு முன்னால் என்னோடு ஒரே பனியன் கம்பெனியில் இருந்த தம்பியின் மகள். முகத்தில் அப்படியே அவன் ஜாடை.

ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் இருக்கிறாளாம். பெட்டிக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. அங்கே ஆபீசுக்குள் ஒரு இடம் காலியாகிறது, அதற்கு டேட்டாபேஸ் தெரிந்திருக்க வேண்டும், மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டு வந்தால் பார்க்கலாம் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். வகுப்புக்குப் போகலாம் என்றால் ஷிப்ட் முடியவே இரவு எட்டரை ஆகிறது. புத்தகத்தை வைத்துத்தான் படித்தாக வேண்டும்.

“எந்தப் புத்தகத்துல ஆரம்பிக்கறதுன்னு உங்ககிட்டக் கேக்கச் சொன்னாருங்க. சின்னப் புத்தகமாக் கேட்டு வாங்கிட்டு வான்னு சொன்னாருங்க பெரியப்பா.”

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் 1991-க்குப் போக வேண்டும்.

அப்போது நான் கணக்குப்பிள்ளை. நம் ஊரில் சனிக்கிழமை என்றால் சம்பளம். தையலில் இருப்பவர்கள் எல்லாம் பீஸ் ரேட். ஓவர்லாக்குக்கு ஒரு ரேட், பேட்லாக்குக்கு ஒரு ரேட், கைமடிக்கு ஒரு ரேட். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு துண்டுச் சீட்டு. அந்தச் சீட்டுகளையெல்லாம் ஆள்வாரியாகப் பிரித்து, ரேட்டால் பெருக்கி, முன்பணத்தைக் கழித்து, வெள்ளி இரவும் சனி மத்தியானமும் கூட்டிக்கொண்டே இருப்போம். ஒரு ஆளுக்கு ஐந்து ரூபாய் குறைந்தாலும் ஜன்னல் பக்கம் சத்தம் கேட்கும்.

முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார். அதில் டிபேஸ் 3 பிளஸ் என்று ஒரு மென்பொருள். கோயமுத்தூரிலிருந்து வந்த பையன் அதை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். கறுப்புத் திரை. அதன் அடியில் ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் நாம் ஆணையை அடிக்க வேண்டும். எதை அடிப்பது என்றுதான் தெரியாது. “தீபாவளிக்குள்ள கத்துக்குங்க. இல்லீன்னா படிச்ச பையனா ஒருத்தனப் போட்டுக்கறேன்” என்றார் முதலாளி. எனக்கு இரண்டு குழந்தைகள். பெரியவளை அந்த வருடம்தான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தோம்.

கோயமுத்தூருக்குப் பஸ் ஏறி, கடையில் இருந்ததிலேயே பெரிய புத்தகமாகப் பார்த்து வாங்கினேன். மாதச் சம்பளத்தில் கால்வாசி அதற்கே போயிற்று. நூல் வாங்குவது மாதிரி எடையைப் பார்த்து வாங்கியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் ஆணைகள் எல்லாம் அகர வரிசையில் இருந்தன. டிபேஸில் ஒரு கோப்பைத் திறக்க ‘யூஸ்’ என்று அடிக்க வேண்டும். அது இல்லாமல் எதுவுமே நடக்காது. ஆங்கில வரிசையில் ‘யு’ எங்கே வரும்? கடைசிக்குப் பக்கத்தில். முதலில் தெரிய வேண்டியது கடைசியில் இருந்தது. இருபது நாள் தலைகீழாக நின்றேன். ஒரு எழுத்தும் ஏறவில்லை.

அது மோசமான புத்தகம் என்று சொல்ல மாட்டேன். தெரிந்தவன் மறந்துபோனதைத் தேடிப் பார்ப்பதற்காக எழுதியது. தெரியாதவன் வாங்கியது என் தப்பு. அகராதியை வைத்து யாரும் பேசக் கற்றுக்கொள்வதில்லை.

பிறகு ஒருநாள் உக்கடம் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஒரு சின்னப் புத்தகம் கிடைத்தது. மேலட்டையே இல்லாததால் அதன் பேர் இன்றுவரை எனக்குத் தெரியாது. முதல் பாடத்திலேயே ஒரு கடைக்காரர், அவருக்கு ஆறு வாடிக்கையாளர்கள், யார் எவ்வளவு பாக்கி என்று ஒரு பட்டியல். அந்த ஆறு பேரைக் கம்ப்யூட்டரில் ஏற்று, ஐநூறுக்கு மேல் பாக்கி உள்ளவரை மட்டும் காட்டச் சொல் என்று எழுதியிருந்தது. அன்று இரவு அந்த ஆறு பேருக்குப் பதிலாக எங்கள் தையல்காரர்கள் ஆறு பேரை ஏற்றினேன். லிஸ்ட் என்று அடித்தேன். ஆறு பேரும் வரிசையாக வந்து நின்றார்கள். பிறந்த குழந்தையைப் பார்ப்பது மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிபேஸ் பிறந்த கதையை வெகு நாள் கழித்துப் படித்தபோதுதான் இது ஏன் என்று புரிந்தது. வேன் ராட்லிஃப் என்ற அமெரிக்கப் பொறியாளர், தன் அலுவலகத்துக் கால்பந்துப் பந்தயத்தில் ஜெயிக்க வேண்டும் என்று ஆட்டக்காரர்களின் புள்ளிவிவரங்களைத் தொகுப்பதற்காக எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. முதலில் அதற்கு வல்கன் என்று பேர். விற்பனைக்கு வந்தபோது டிபேஸ் 2 என்று பேர் வைத்தார்கள். டிபேஸ் 1 என்று ஒன்று வந்ததே இல்லை. எழுதியவரே தன் சொந்தக் கணக்கை வைத்துத்தான் ஆரம்பித்திருக்கிறார். கற்கிறவனும் அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும்.

தீபாவளிக்கு முன்பே சனிக்கிழமைச் சம்பளப் பட்டியல் கம்ப்யூட்டரிலிருந்து வர ஆரம்பித்தது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

ஒரு வெள்ளி இரவு. பழைய வாரங்களின் கணக்கை நீக்கி இடத்தைக் காலி செய்யலாம் என்று உட்கார்ந்தேன். இந்தத் தேதிக்கு முன்னால் உள்ளவை என்று போடுவதற்குப் பதில் பின்னால் உள்ளவை என்று குறியை மாற்றிப் போட்டுவிட்டேன். டிபேஸில் டெலீட் என்றால் உடனே அழியாது. ஒரு நட்சத்திரக் குறி மட்டும் விழும். ரீகால் என்று போட்டால் திரும்ப வந்துவிடும். பேக் என்று அடித்தால்தான் நிரந்தரமாகப் போகும். நான் பார்க்காமல் பேக் அடித்தேன். அந்த வாரத்துக் கணக்கு மொத்தமும் போயிற்று. நகல் எடுத்து வைக்கவில்லை. சின்னப் புத்தகத்தில் நகல் எடுப்பது அடுத்த பாடத்திலேயே இருந்தது. அதைப் படிக்காமல் தாண்டியது நான்தான்.

அன்று இரவு எனக்குக் கை கொடுத்தது இந்தப் பெண்ணின் தகப்பன். கட்டிங்கில் ஹெல்பராக இருந்த பையன். வயது இருபது. எட்டாவது வரைதான் படிப்பு, ஆனால் தலையில் கணக்கு நிற்கும். குப்பைக் கூடையிலிருந்து துண்டுச் சீட்டுகளைப் பொறுக்கி, அயர்ன் டேபிளில் பரப்பி, அவன் ஒவ்வொன்றாகப் படிக்க நான் அடித்தேன். இடையில் இரண்டு தரம் டீ வாங்கி வந்தான். விடிகாலை நாலே காலுக்கு முடிந்தது. சனிக்கிழமை சம்பளம் சரியாகப் போயிற்று. முதலாளிக்குத் தெரியவே தெரியாது.

இரண்டு வாரம் கழித்து அந்தத் தம்பி கேட்டான். “அண்ணா, எனக்கும் இதக் கத்துக்கோணும்னு ஆசையா இருக்குதுங்க. எந்தப் புத்தகம்ங்ணா படிச்சீங்க?”

நான் அந்தப் பெரிய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன்.

சின்னப் புத்தகம் என் மேஜை டிராயரில் இருந்தது. அது எனக்குத் தெரியும். என்னைவிடப் பதிமூன்று வயது சின்னவன், என்னைவிட வேகமாகக் கணக்குப் போடுகிறவன், இதையும் கற்றுக்கொண்டால் என் நாற்காலி என்ன ஆகும் என்ற பயம். அப்போது இப்படி வெளிப்படையாக எனக்குள்ளேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. “பெருசா இருந்தாத்தான் எல்லாம் இருக்கும், படி” என்றுதான் சொன்னேன். பத்து நாளில் புத்தகத்தைச் செய்தித்தாளில் பத்திரமாகச் சுற்றிக் கொண்டுவந்து வைத்தான். “நமக்கு இது ஆவாதுங்கண்ணா” என்றான். கட்டிங் டேபிளுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

இப்போது அவன் மகள் திண்ணையில் நிற்கிறாள்.

இந்த முறை ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். பேரனிடம் கேட்டும், புத்தகங்களைப் புரட்டியும், அவளுக்குச் சொன்னவற்றை இங்கேயும் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது கேட்கலாம்.

முதலில் ஒரு சோதனை. புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முதல் முப்பது பக்கத்தைப் பாருங்கள். அதற்குள் ஒரு சின்னப் பட்டியலை நாமே உண்டாக்கி, அதிலிருந்து ஒரு கேள்விக்குப் பதில் எடுத்துவிட முடிகிறதா? முடிந்தால் வாங்கலாம். வரலாறும் வரையறையும் முப்பது பக்கம் என்றால் இப்போதைக்கு வேண்டாம். அடுத்தது, நீக்குவதைப் பற்றிச் சொல்லும் இடத்திலேயே காப்பாற்றுவதையும் சொல்கிறதா என்று பாருங்கள். நான் பட்ட பாடு போதும்.

மூன்றாவது, எதைப் பற்றிய புத்தகம் என்று பாருங்கள். ஒரு மென்பொருளைப் பற்றியதென்றால் அந்த மென்பொருளோடு அதுவும் போய்விடும். டிபேஸுக்குப் பிறகு நான் ஃபாக்ஸ்புரோ கற்றேன். 1992-இல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2015-இல் விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்கான ஆதரவையே நிறுத்திவிட்டது. பழைய கடையில் ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கிறதென்று அதையெல்லாம் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். ஆனால் எஸ்.க்யூ.எல். என்பது கேள்வி கேட்கும் மொழி. ஐ.பி.எம்.மில் 1974 வாக்கில் உருவானது இன்னும் நடக்கிறது. எந்தக் கட்டங்கள் வேண்டும், எந்தப் பட்டியலிலிருந்து வேண்டும், என்ன நிபந்தனை என்று மூன்று துண்டாகக் கேட்டால் பதில் வரும். மொழியைச் சொல்லித் தரும் புத்தகம் அவ்வளவு சீக்கிரம் பழசாகாது.

தமிழில் து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்’ இருக்கிறது. மின்னூல். காசு கிடையாது. அந்தப் பெண் பிளஸ் டூ வரை தமிழில் படித்தவள். ஆங்கிலத்தோடும் புது விஷயத்தோடும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்ட வேண்டாம் என்று இதைத்தான் முதலில் கொடுத்தேன். ஆணைகள் எப்படியும் ஆங்கிலத்தில்தான். விளக்கமாவது நம் மொழியில் இருக்கட்டும்.

படம் போட்டால்தான் மனதில் நிற்கும் என்பவர்களுக்கு, ஜப்பானியச் சித்திரக்கதையாக வந்த ‘த மாங்கா கைடு டு டேட்டாபேசஸ்’. பழம் விற்கும் ஒரு ராஜ்யம். கணக்கெல்லாம் ஆளுக்கொரு நோட்டில் கிடக்கிறது. இளவரசி அதைச் சீர்ப்படுத்துகிறாள். அந்த ராஜ்யத்தின் பேர் கோட். பட்டியல்களை ஒன்றோடொன்று இணைக்கும் முறையை 1970-இல் எழுதிய அறிஞர் எட்கர் காட் பேரை நினைவூட்டும் வேடிக்கை என்று நினைக்கிறேன்.

ஆங்கிலம் வாசிக்கப் பழகிய பிறகு ஆலன் பியூலியூவின் ‘லேர்னிங் எஸ்.க்யூ.எல்.’ எடுக்கலாம். பட்டியல்களை எப்படிப் பிரிப்பது என்பதற்கு மைக்கேல் ஹெர்னாண்டஸின் ‘டேட்டாபேஸ் டிசைன் ஃபார் மியர் மார்ட்டல்ஸ்’. கல்லூரிப் பிள்ளைகள் வைத்திருக்கும் சில்பர்ஷாட்ஸ், கோர்த், சுதர்சன் மூவரும் எழுதிய புத்தகம் பெரியது, நல்லது. அந்தச் சுதர்சன் மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர். அதை இரண்டாவது வருடம் படித்துக்கொள்ளலாம்.

புத்தகம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதில் வரும் உதாரணத்தை அப்படியே அடித்தால் விரல்தான் பழகும். அதனால் அவளிடம், “உங்கப்பா இப்ப பவர் டேபிள் வெச்சிருக்காரே, அந்தச் சம்பள நோட்டைக் கொண்டு வா கண்ணு” என்றேன். எட்டு மெஷின் வைத்து ஜாப் ஒர்க் தைக்கிறான்.

அவள் எக்ஸெல் தெரிந்த பெண். எல்லாவற்றையும் ஒரே நீளப் பட்டியலாகப் போட்டு வந்தாள். ஒவ்வொரு வரியிலும் ஆள் பேர், வேலை, ரேட், பீஸ். ஒரு ஆளின் மொத்தம் எடுத்தால் குறைந்தது. தேடிப் பார்த்தால், ஒரு வரியில் முத்துச்சாமி, இன்னொரு வரியில் முத்துசாமி. கம்ப்யூட்டருக்கு அது இரண்டு ஆள். அதனால்தான் ஆட்களுக்கு ஒரு பட்டியல், ஒவ்வொருவருக்கும் ஒரு எண். ரேட்டுக்கு ஒரு பட்டியல். தினசரி உற்பத்திக்கு ஒரு பட்டியல், அதில் எண்ணும் பீஸும் மட்டும். ஒரு விவரம் ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும். காட் சொன்னதை நம் ஊர்க் கணக்கில் சொன்னால் இவ்வளவுதான்.

ஆனால் அதிலும் ஒரு கண்ணி உண்டு. சம்பள ஒப்பந்தம் போட்டு ரேட் ஏறுகிறது. ரேட் பட்டியலில் பழையதை அழித்துப் புதியதை எழுதினால், போன வருடத்துக் கணக்கும் புது ரேட்டில் மாறிப் போகும். அதனால் ரேட்டோடு, எந்தத் தேதியிலிருந்து என்றும் ஒரு கட்டம் வேண்டும். நான் இதைக் கற்றது பழைய பேரேட்டிலிருந்து. பேரேடு எழுதியவர்கள் பழைய வரியை அழிப்பதில்லை, அடுத்த வரியில்தான் எழுதுவார்கள். கணக்கு எழுதிப் பழகிய நம் வயதுக்காரர்களுக்கு டேட்டாபேஸில் பாதி ஏற்கெனவே தெரியும்.

கம்ப்யூட்டரில் மைஎஸ்க்யூஎல்லை நிறுவுவதற்குள் சலித்துப் போகிறவர்கள் எஸ்க்யூலைட்டில் தொடங்கலாம். ஒரே கோப்பு, தனி சர்வர் வேண்டியதில்லை. நம் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளேயே அது ஓடிக்கொண்டிருக்கிறது. ஆரம்பப் பாடங்களில் வரும் கேள்விகள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நீக்குவதைப் பற்றி மட்டும் அவளுக்கு மூன்று தரம் சொன்னேன். இங்கே டெலீட் என்றால் நட்சத்திரக் குறியெல்லாம் கிடையாது. நிபந்தனை போடாமல் அடித்தால் பட்டியல் முழுதும் காலி. முதலில் அதே நிபந்தனையோடு செலக்ட் போட்டு எவை வருகின்றன என்று கண்ணால் பார், பிறகு நீக்கு. மைஎஸ்க்யூஎல்லில் இதற்கே ஒரு பாதுகாப்பு வசதி உண்டு. அதைப் போட்டுக்கொண்டால் நிபந்தனையோ வரம்போ இல்லாத டெலீட்டை அது ஏற்காது. அந்த வசதிக்கு ‘ஐ ஆம் எ டம்மி’ என்று, அதாவது நான் ஒரு அசடு என்று, இன்னொரு பேரும் வைத்திருக்கிறார்கள். 1991-இல் எனக்கு அது இருந்திருந்தால் ஒரு ராத்திரி தூங்கியிருப்பேன்.

போன ஞாயிறு நானே நால்ரோட்டுக்குப் போனேன். அட்டை கிழிந்த புத்தகத்தையும் எடுத்துப் போனேன். இத்தனை வீடு மாறியும் அது மட்டும் என்னோடு வந்துகொண்டிருந்தது. இனி அதனால் யாருக்கும் உபயோகம் இல்லை. அதை அவன் கையில் கொடுத்து, நான் கற்றது இதில்தான், அன்றைக்கு இது டிராயரில் இருந்தது, வேண்டுமென்றேதான் கொடுக்கவில்லை என்று சொன்னேன்.

அவன் புத்தகத்தைப் புரட்டினான். ஓரத்தில் நான் பென்சிலால் எழுதிய தையல்காரர் ஆறு பேரின் பேரைப் படித்தான். “இந்தாளு செத்துப் போயிட்டாருங்கண்ணா” என்று ஒரு பேரைக் காட்டினான். பிறகு, “டிராயர்ல இருந்தது தெரியுமுங்க. நீங்க மத்தியானம் படிக்கறப்ப பாத்திருக்கறேன். புள்ளகுட்டிக்காரரு, சரி போவட்டும்னு உட்டுட்டேன்” என்றான்.

நான் ஒன்றும் பேசவில்லை. அவன் வீட்டுக்காரம்மா டீ கொண்டுவந்தார்.

உள்ளே மகள் அந்த வாரத்துச் சம்பளத்தை மடிக்கணினியில் எடுத்துக்கொண்டிருந்தாள். மொத்தம் வந்தது. அப்பாவின் நோட்டோடு நாற்பது ரூபாய் இடித்தது. மூன்று பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தோம். முன்பு மாதிரியே அவன் படித்தான். இந்த முறை அடித்தது அவள்.

தப்பு நோட்டில்தான் இருந்தது. பேட்லாக் அம்மா ஒருவருக்கு நாற்பது ரூபாய் குறைத்துக் கொடுத்திருந்தான். அப்போதே போன் போட்டுச் சொன்னான்.

அடுத்த மாதம் அவளுக்கு ஆபீசில் தேர்வு. பார்ப்போம்.